குறுஞ்செய்திக்குப் பதில் வர வேண்டுமானால்: கடன் வசூல் பணியில் இருப்போரின் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் கிரெடிட் யூனியன்களின் (உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவுக் கடன் சங்கங்களின்) கடன் வசூல் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர்கள் எழுதியவை. தொலைபேசியில் பேசி வசூலித்த இடத்தில் இன்று குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் ஆப் வழியாகச் செல்லும் செய்தியும் முதல் கருவிகளாக வந்துவிட்டதால், அவர்களுடைய ஐயங்களும் அவற்றைச் சுற்றியே இருக்கின்றன. நானும் அதே நாற்காலியில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் என்பதால், ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கிரெடிட் யூனியன் ஒன்றின் வசூல் பிரிவில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. தவணை தவறிய உறுப்பினர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதே என் முக்கிய வேலை. நாள்தோறும் அனுப்புகிறேன், பத்துப் பேரில் ஒருவர்கூடப் பதில் எழுதுவதில்லை. இன்னும் கண்டிப்பாக எழுதச் சொல்கிறார் என் மேலாளர். கண்டிப்பைக் கூட்டினால் பதில் வருமா அம்மா?
– ஒரு வாசகி, ஒஹாயோ

பதில்: வராது, சகோதரி. நீங்கள் கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருந்த மாதிரியையே எடுத்துக்கொள்வோம். "உங்கள் கடன் கணக்கில் நிலுவை உள்ளது. உடனடியாகச் செலுத்தவும். தவறினால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும்." இதில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன, மூன்றில் எதற்கும் பதில் எழுத இடமில்லை. கையில் பணம் இருப்பவர் முதல் வாக்கியத்தைப் படித்ததுமே கட்டிவிடுவார், அவருக்கு மற்ற இரண்டும் வேண்டாம். கையில் பணம் இல்லாதவரோ மூன்றையும் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைப்பார். அவர் உங்களை மதிக்காமல் அப்படிச் செய்வதாக எண்ண வேண்டாம். "என்னிடம் இல்லை" என்று ஒருவர் தாமாக எழுத்தில் எழுதுவது எவ்வளவு கூச்சமான காரியம் என்பதை நம்மில் கடன் பட்டிருந்த எவரும் அறிவோம்.

ஆகவே, அவர் அந்த வாக்கியத்தை எழுத நேராதபடி ஒரு சின்னக் கேள்வியை நீங்கள் முன்வைக்க வேண்டும். நான் பல முறை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்து, கடைசியில் பயன்படுத்திய வடிவம் ஏறத்தாழ இதுதான்: "வணக்கம். உங்கள் கிரெடிட் யூனியனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கணக்கு பற்றிச் சில நிமிடங்கள் பேச வேண்டும். வியாழன் மாலை வசதியென்றால் 1, வெள்ளி காலை என்றால் 2 என்று அனுப்புங்கள். செய்திகள் வேண்டாமெனில் ஸ்டாப் என்று அனுப்புங்கள்." இதில் கடன் என்ற சொல் இல்லை, தொகை இல்லை, தேதி தவறிய கணக்கும் இல்லை. கைபேசி பூட்டியிருக்கும்போதும் திரையில் முதல் இரண்டு வரிகள் தெரியும் என்பதையும், அந்தத் திரையை முதலில் பார்ப்பவர் பிள்ளையாகவோ உடன் வேலை செய்பவராகவோ இருக்கலாம் என்பதையும் நினைத்து எழுதிய செய்தி இது. தொகையும் தவணையும், எதிரில் இருப்பவர் உறுப்பினர்தான் என்று உறுதியான பிறகு பேச வேண்டியவை.

செய்தியின் நீளத்தையும் கவனியுங்கள். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் என்றால் 160 வரை கொள்ளும். ஸ்பானிய மொழியின் குறியிட்ட எழுத்துகளில் சிலவோ ஓர் எமோஜியோ கலந்துவிட்டால் அந்த அளவு 70 ஆகக் குறைந்து, செய்தி துண்டுகளாகப் பிரிந்து செல்லும். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். சொல்ல வேண்டியதை முதல் துண்டிலேயே சொல்லிப் பழகினால் வேண்டாத மிரட்டலுக்கு அங்கே இடமே இருக்காது.

இனி உங்கள் மேலாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒன்று. பதில் வந்தால் அதைப் படிக்க யார் இருக்கிறார்கள்? பல அலுவலகங்களில் செய்தியை அனுப்ப மென்பொருள் இருக்கிறது, வரும் பதிலைப் பார்க்க ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை 6 மணி 10 நிமிடத்துக்கு ஒருவர், "இன்று சம்பளம் வந்தது, 60 டாலர் கட்டலாமா?" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை நீங்கள் அதைத் திறக்கும்போது அந்த 60 டாலர் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் போயிருக்கும். அவர் முழுத் தவணையைத் தரவில்லை என்பதைவிட, அவர் தர முன்வந்த நேரத்தில் நாம் அங்கே இல்லை என்பதே அந்தக் கணக்கில் பெரிய இழப்பு. பதில் பார்க்க ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் செய்தி அனுப்புங்கள். எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் கவலையில்லை.

பதில் வந்த பின் செய்வதற்குப் பெரும்பாலும் எளிய தீர்வே இருக்கும். அமெரிக்காவில் பலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வருகிறது. கடன் தவணையோ மாதத்தின் ஒரு குறிப்பிட்ட தேதியில் விழுகிறது. வாடகையும் தவணையும் ஒரே வாரத்தில் மோதுவதால் மாதாமாதம் பத்து நாள் தாமதமாகக் கட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தவணைத் தேதியை மாற்றிக் கொடுத்தால் போதும், அந்தக் கணக்கு உங்கள் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். நிலுவை 30 நாளைத் தாண்டினால் கடன் தகவல் நிறுவனங்களுக்குச் செல்லக்கூடும், அந்தப் பதிவு பொதுவாக 7 ஆண்டுகள் வரை நிற்கும். எனவே முதல் 30 நாளுக்குள் தேதி மாற்றத்தைப் பற்றிப் பேசிவிடுவது உறுப்பினருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி. 60 நாள் கடந்த கணக்குகளை உங்கள் நிறுவனம் ஒழுங்குமுறை அமைப்புக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால் மேலாளரின் பதற்றமும் அங்கேதான் தொடங்குகிறது. அதையும் புரிந்துகொண்டு அவரிடம் பேசுங்கள்.

கேள்வி: வங்கியின் வசூல் பிரிவிலிருந்து கிரெடிட் யூனியனுக்கு மாறியிருக்கிறேன். இங்கே எல்லாரும் 'உறுப்பினர், உறுப்பினர்' என்கிறார்கள். பணம் வராவிட்டால் இரண்டும் ஒன்றுதானே?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: ஒன்றல்ல. நம் ஊரில் 'பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்' என்று பலகை மாட்டியிருப்பார்களே, அதன் உறவுமுறைதான் கிரெடிட் யூனியன். கடன் வாங்கும் தகுதிக்கு 'நாணயம்' என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்தவர்கள் அதன் பொருளை நன்றாக அறிந்தவர்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஜெர்மனியில் ரைஃபைசன் 1864-இல் தொடங்கிய கிராமக் கடன் சங்கமும், கனடாவின் லெவி நகரில் அல்ஃபோன்ஸ் தெஜார்தான் 1900-இல் நிறுவிய மக்கள் சங்கமும் இதற்கு முன்னோடிகள். அமெரிக்காவில் கூட்டாட்சிக் கிரெடிட் யூனியன் சட்டம் 1934-இல் வந்தது. இங்கே பங்குதாரர் என்று தனியே ஒருவர் இல்லை. சேமிப்பு வைத்திருப்பவரும் கடன் பட்டிருப்பவரும் ஒரே உரிமையாளர் கூட்டத்தில் இருப்பவர்கள், ஆளுக்கு ஒரு வாக்கு. நீங்கள் இன்று செய்தி அனுப்புபவர் உங்கள் நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் கைதூக்கும் உரிமை உள்ளவர். அவர் கட்டாமல் விட்ட பணமும் இன்னோர் உறுப்பினரின் சேமிப்புதான். கேட்கும்போது பணிவும் விடாப்பிடியும் இரண்டுமே தேவைப்படுவது இதனால்தான்.

நடைமுறையில் இன்னொரு வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். உறுப்பினரின் சேமிப்புக் கணக்கும் கடன் கணக்கும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். கூட்டாட்சி உரிமம் பெற்ற கிரெடிட் யூனியனுக்கு, நிலுவைக்காக அந்தச் சேமிப்பின் மீது சட்டப்படி பற்றுரிமை, அதாவது அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை, உண்டு. கடன் அட்டை நிலுவைக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. உரிமை இருக்கிறது என்பதற்காக, வாடகைக்கு வைத்திருந்த பணத்தை முன்னறிவிப்பின்றி எடுத்துவிட்டு மறுநாள் "உங்கள் தவணை பெறப்பட்டது, நன்றி" என்று தானியங்கிச் செய்தி போனால், அந்தக் குடும்பம் தன் சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றிவிடும். அதன் பிறகு அவர்களிடமிருந்து ஒரு டாலரும் வராது. எடுக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் பேசுங்கள்.

கேள்வி: கடன் வசூல் சட்டம் வெளி வசூல் நிறுவனங்களுக்குத்தான், சொந்தக் கடனை வசூலிக்கும் நமக்கு இல்லை என்று எங்கள் பயிற்சியாளர் சொன்னார். அப்படியானால் குறுஞ்செய்திக்கு எந்த வரம்பும் கிடையாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பயிற்சியாளர் சொன்னதில் முதல் பாதி சரி. 1977-ஆம் ஆண்டின் நியாயமான கடன் வசூல் நடைமுறைகள் சட்டம், பிறருக்குச் சேர வேண்டிய கடனை வசூலிப்பவர்களையே முதன்மையாகக் கட்டுப்படுத்துகிறது. தன் சொந்தப் பெயரில் தன் கடனை வசூலிக்கும் கிரெடிட் யூனியன் பொதுவாக அதற்குள் வராது. ஆனால் அதிலிருந்து வரம்பே இல்லை என்று முடிவு கட்டுவது பெரிய பிழை. 1991-ஆம் ஆண்டின் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைபேசிக்குத் தானியங்கி முறையில் செய்தி அனுப்பும் எவருக்கும் பொருந்தும். நேர்மையற்ற, ஏமாற்றும், அத்துமீறும் செயல்களைத் தடுக்கும் 2010-இன் டாட்-ஃபிராங்க் சட்டம் உங்களுக்கும் உண்டு. மாநிலச் சட்டங்கள் தனி. கலிஃபோர்னியாவின் ரோசந்தால் சட்டம் சொந்தக் கடனை வசூலிப்பவரையும் சேர்த்தே கட்டுகிறது.

வெளி நிறுவனங்களுக்கென 2021 நவம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்த 'ரெகுலேஷன் எஃப்' விதிகளை நீங்களும் கையில் வைத்துக்கொள்ளுமாறு நான் சொல்வேன். உங்கள் மேல் கட்டாயமாக இல்லாவிட்டாலும், ஒழுங்காக வேலை செய்யும் ஒருவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவை தெளிவாக எழுதி வைத்திருக்கின்றன. உறுப்பினர் இருக்கும் இடத்தின் நேரப்படி காலை 8 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் தொடர்பு கூடாது. மின்னணுச் செய்தியைப் பொறுத்தவரை நீங்கள் அனுப்பிய நேரமே கணக்கு, அவர் திறந்து படித்த நேரம் கணக்கில்லை. முகவரி நியூயார்க்கில் இருந்து, கைபேசி எண் கலிஃபோர்னியாவுடையது என்றால், எங்கே இருக்கிறார் என்று தெரியாதவரை இரண்டு இடத்துக்கும் பொருந்தும் நேரம்தான் சரி. அதாவது நியூயார்க் நேரப்படி காலை 11 முதல் இரவு 9 வரை. ஒரே கடனுக்காக 7 நாளில் 7 முறைக்கு மேல் தொலைபேசியில் அழைத்தாலோ, ஒருமுறை பேசிய பின் 7 நாளுக்குள் மறுபடி அழைத்தாலோ அது வரம்புமீறல் என்று கருதப்படும். குறுஞ்செய்திக்கு இப்படி ஓர் எண்ணைச் சட்டம் சொல்லவில்லை. அந்த இடைவெளியை ஒரு சலுகையாகக் கொள்ளாதீர்கள், தொந்தரவு கூடாது என்ற பொதுவிதி அதற்கும் உண்டு. சமூக ஊடகத்தில் நண்பர்கள் பார்க்கும் இடத்தில் கடனைப் பற்றி எழுதுவது அறவே கூடாது.

நிறுத்தச் சொல்லும் உரிமைதான் நம்மவர்கள் அடிக்கடி தவறு செய்யும் இடம். ஸ்டாப் என்ற ஒரே சொல்லை மட்டும் மென்பொருள் தேடிக்கொண்டிருக்கும். உறுப்பினரோ "தயவுசெய்து இனி இந்த எண்ணுக்கு அனுப்பாதீர்கள்" என்று முழு வாக்கியமாக எழுதியிருப்பார். நியாயமான எந்த வழியில் சொன்னாலும் அது நிறுத்தக் கோரிக்கைதான். 2025 ஏப்ரல் 11 முதல், அதிகபட்சம் 10 வேலை நாள்களுக்குள் அதை நிறைவேற்றியாக வேண்டும் என்பது விதி. என்னைக் கேட்டால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். திவால் மனு போட்டவருக்கும், மனு பதிவான உடனே வசூல் நடவடிக்கை முழுவதும் நின்றுவிட வேண்டும்; அந்தத் தகவல் கிடைத்தும் ஒரு செய்தி தவறிப் போனால், பதில் சொல்ல வேண்டிய இடம் நீதிமன்றமாகிவிடும்.

கேள்வி: எனக்கே கிரெடிட் யூனியனிலிருந்து நிலுவை பற்றிய செய்தி வந்தது. உண்மையா, மோசடியா என்று எப்படி அறிவது?
– வாசகி, நியூஜெர்சி

பதில்: அந்தச் செய்தியில் உள்ள லிங்கையும் எண்ணையும் தொடாதீர்கள். உங்கள் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். உண்மையான வசூல் பிரிவு கடவுச்சொல்லையோ முழு சமூகப் பாதுகாப்பு எண்ணையோ குறுஞ்செய்தியில் கேட்காது. இதே பக்கத்தைப் படிக்கும் வசூல் பிரிவினருக்கும் ஒரு வார்த்தை: "சந்தேகமிருந்தால் கார்டில் உள்ள எண்ணுக்கே அழையுங்கள்" என்று உங்கள் செய்தியில் நீங்களே எழுதுங்கள். மோசடிக்காரர் பொதுவாக அந்த வாக்கியத்தை எழுத விரும்ப மாட்டார்.

கேள்வி: அம்மா, நான் அனுப்பிய செய்தி வேறொருவருக்குப் போய்விட்டது. எண் மாறியிருந்தது எனக்குத் தெரியாது. அன்று முதல் ஒவ்வொரு முறை அனுப்பும் பொத்தானைத் தொடும்போதும் கை நடுங்குகிறது. போன வாரம் இன்னோர் உறுப்பினர், "இப்படி வாழ்வதைவிடச் சாவதே மேல்" என்று பதில் எழுதினார். எப்படிக் கையாள்வது என்று எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை. இந்த வேலையில் நான் தொடரலாமா?
– ஒரு வாசகர், கலிஃபோர்னியா

பதில்: முதலில் தவறிப்போன செய்தி. எனக்கும் இது நேர்ந்தது. கார் கடன் தவணை தவறியிருந்த ஓர் உறுப்பினருக்கு, தொகையும் தேதியும் குறிப்பிட்டு நான் எழுதிய செய்தி, அவர் எண்ணைக் கைவிட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்ததால் அதே எண்ணைப் புதிதாகப் பெற்ற ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் நல்ல மனிதர்; "இது நானில்லை, ஆனால் இவருடைய பெயரும் கடனும் இப்போது எனக்குத் தெரிந்துவிட்டதே" என்று எழுதினார். அந்த ஒரு வாக்கியம் என்னை இரண்டு இரவுகள் தூங்கவிடவில்லை. உறுப்பினரைத் தேடிப் பிடித்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மேலாளருக்கும் எழுத்தில் தெரிவித்தேன். முதல் செய்தியில் கடனும் தொகையும் வேண்டாம் என்று மேலே எழுதினேனே, அந்தப் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.

இன்று இதைத் தடுக்க வழி இருக்கிறது. கைமாறிய தொலைபேசி எண்களின் தரவுத்தளம் ஒன்றைக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2021 நவம்பர் முதல் நடத்துகிறது. உறுப்பினர் அந்த எண்ணைக் கொடுத்த தேதியை உள்ளிட்டால், அதன் பிறகு எண் நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்டதா என்று அது சொல்லும். 60 நாளுக்கு ஒருமுறையாவது பட்டியலை அதில் சரிபார்க்கும்படி உங்கள் நிறுவனத்தைக் கேளுங்கள். நடுக்கம் தேவையில்லை, அனுப்பும் முன் ஒரு கணம் நிற்கிறீர்களே, அந்த நிதானம் மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது செய்திதான் என் மனத்தை இன்னும் விட்டுப் போகவில்லை. அப்படி ஒரு வரி வந்தால், அந்த நிமிடத்திலிருந்து அது வசூல் உரையாடல் இல்லை. தவணையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள், தயார் செய்து வைத்த வாக்கியம் எதையும் ஒட்டாதீர்கள். "நீங்கள் எழுதியதைப் படித்தேன். உங்களைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. இப்போது நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?" என்று உங்கள் சொந்தச் சொற்களில் கேளுங்கள். அமெரிக்காவில் 988 என்ற எண் 2022 ஜூலை முதல் இதற்காகவே இருக்கிறது. அழைக்கவும் செய்யலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்பதை அவருக்கு எழுதுங்கள். பேசக் கூச்சப்பட்டுக் கைபேசியில் எழுதியவருக்கு, அங்கேயும் எழுதலாம் என்று தெரிவது முக்கியம். உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் 911-ஐ அழைப்பதில் தயங்க வேண்டாம். பக்கத்து இருக்கையில் இருப்பவரையும் மேற்பார்வையாளரையும் அதே நேரத்தில் கூப்பிடுங்கள். இதைத் தனியாகச் சுமக்க வேண்டியவர் நீங்கள் இல்லை.

தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துக் கலங்கிய ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பதையே நான் விரும்புவேன். ஆனால் உங்கள் நிறுவனம் இப்படிப்பட்ட செய்திகளுக்கென எழுத்தில் ஒரு நடைமுறையைத் தர மறுத்தால், வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. எப்படியானாலும், நாளை அலுவலகம் போனதும் முதல் வேலையாக அந்த உறுப்பினரின் கணக்கைத் திறந்து, தானியங்கிச் செய்திகள் நிறுத்தப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அவர் அந்த வரியை எழுதியது மென்பொருளுக்குத் தெரியாது. யாரும் கைவைத்து நிறுத்தாவிட்டால், அடுத்த நினைவூட்டல் குறித்த நேரத்தில் அவருடைய கைபேசிக்குப் போய்விடும்.